களி உருண்டையும் சாயும் கழுத்தும்: மூன்று வருட ஸ்டாண்டு அனுபவம்

போன வாரம் சத்துவாச்சாரியில் ஒரு சைக்கிள் கடையில் கொடுத்து என் மொபைல் ஸ்டாண்டுக்கு வாஷர் போட்டு வாங்கி வந்தேன். அன்றிரவே குடியாத்தத்திலிருந்து ஒரு போன். கல்லூரியில் எனக்கு ஜூனியராக இருந்த பெண். "அக்கா, நானும் ஆன்லைனில் ஊட்டச்சத்துப் பாடம் எடுக்கப் போகிறேன். நீங்கள் வைத்திருக்கிற ஸ்டாண்டையே வாங்கிவிடட்டுமா?" அவளுக்கு அப்போது என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மேசை விளிம்பில் கவ்விக்கொண்டு, வளைகிற கழுத்தின் நுனியில் போனைப் பிடித்துக்கொள்ளும் சாதாரண ஸ்டாண்டுதான் இது. மூன்று வருடமாக, வாரம் நான்கு மாலை வகுப்பு இதில்தான் ஓடுகிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரி ஆய்வகத்தில் நாற்பது பேர் மேசையைச் சுற்றி நின்றால், முன்வரிசைக்கு மட்டும்தான் கரண்டி தெரியும். இங்கே ஒடுகத்தூரில் இருக்கிற பெண்ணும் பேரணாம்பட்டில் இருக்கிற பெண்ணும் என் கையை ஒரே தூரத்தில் பார்க்கிறார்கள். ஒரு நாள் குழம்பு அளந்துகொண்டிருந்தபோது, "மிஸ், எங்கள் வீட்டுக் கரண்டி இதைவிடப் பெரிசு" என்று ஒருத்தி சொன்னாள். சரி, எல்லோரும் அவரவர் கரண்டியை எடுத்து வந்து தண்ணீர் ஊற்றி அளந்து பாருங்கள் என்றேன். 60 மில்லியில் ஆரம்பித்து 120 வரை போனது. முந்தின நாள் சாப்பிட்டதையெல்லாம் கேட்டு எழுதுகிற 24 மணி நேர உணவுக் கணக்கில் "இரண்டு கரண்டி சாம்பார்" என்று எழுதினால் அது 120 மில்லியா, 240 மில்லியா? அன்றிலிருந்து மில்லி போடாத பதிலை நான் ஏற்றுக்கொள்வதில்லை. அந்த ஒரு மணி நேரத்தைக் கல்லூரி ஆய்வகம் எனக்குத் தந்திருக்காது. அங்கே எல்லாக் கரண்டியும் ஒரே அளவு.

களி வகுப்பும் அப்படித்தான். 75 கிராம் கேழ்வரகு மாவு, 25 கிராம் நொய். கிண்டி உருட்டித் தராசில் வைத்தால் 340 கிராம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவு அட்டவணையில், 100 கிராம் கேழ்வரகில் கால்சியம் 364 மில்லிகிராம். பாதிப் பேர் உருண்டையின் எடையை வைத்தே பெருக்கி 1,238 என்று எழுதிவிட்டார்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குப் பரிந்துரைப்பதே 1,000 மில்லிகிராம்தான்! உருண்டையில் பெரும்பகுதி தண்ணீர். மாவுக்கு மட்டும் கணக்குப் போட்டால் 273. தராசின் எண்ணும் உருண்டையும் ஒரே சட்டத்துக்குள் கண்ணெதிரே இருந்ததால், எங்கே தவறினார்கள் என்பதை அவர்களே பிடித்தார்கள். இதற்காக இந்த ஸ்டாண்டுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

இனி, மூன்று வருடமாக என் பொறுமையைச் சோதிக்கிற விஷயம்.

நேர் மேலிருந்து பார்த்தால் தட்டில் உயரம் தெரியாது. பரப்பி வைத்த 150 கிராம் சோறும், குவித்து வைத்த 250 கிராம் சோறும் அதே வட்டம்தான். அளவைக் கண்ணால் கணிக்கப் பழக்க வேண்டுமென்றால், சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைப் பார்க்கிற மாதிரி, ஏறக்குறைய 45 டிகிரி சாய்வில் காட்ட வேண்டும். இந்தக் கழுத்து நிற்காத ஒரே கோணம் அதுதான். நேர் கீழே பார்க்க வைத்தால் கல் மாதிரி நிற்கும். கொஞ்சம் சாய்த்து வைத்தால் போனின் எடைக்கு மெல்ல மெல்லத் தலை தாழும். நான் பேசிக்கொண்டே இருப்பேன். தட்டு திரையின் மேல் விளிம்புக்குப் போய், அப்புறம் காணாமலே போய்விடும். "மிஸ், மேசைதான் தெரிகிறது" என்று யாராவது சொல்வார்கள். கை கழுவி, துடைத்து, நிமிர்த்தி வைத்துத் திரும்பினால் சோறு ஆறியிருக்கும், கேட்டுக்கொண்டிருந்தவர்களின் கவனமும் போயிருக்கும். சிக்னல் கிடைக்க மொட்டை மாடியில் உட்கார்ந்து படிக்கிற பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய ஐந்து நிமிடத்தை ஒரு கம்பி தின்பது எனக்குப் பொறுக்கவில்லை.

வேலூர் வெயிலைக் கேட்கவே வேண்டாம். அக்னி நட்சத்திரத்தில் போனைப் பிடிக்கிற ரப்பர் பிசுபிசுத்து வழுக்குகிறது. கவ்வியின் திருகு இரண்டாம் வருடமே தேய்ந்துவிட்டது. விற்ற கடைக்கு எழுதினேன், புதிது வாங்கிக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. இப்போது போட்ட வாஷரால் கவ்வி இறுகியிருக்கிறது. கழுத்து அப்படியேதான் இருக்கிறது.

நியாயமாகப் பார்த்தால், கொடுத்த காசுக்கு மேலேயே உழைத்துவிட்டது. செய்முறையைக் காட்ட மட்டும் என்றால் குறையே சொல்ல மாட்டேன். ஆனாலும் உனக்கு என் பதில், வாங்காதே. நீ எடுக்கப்போவது உணவுக் கணக்குப் பாடம், அதற்குச் சோற்றின் உயரம் தெரிந்தே ஆக வேண்டும். கொஞ்சம் கூடப் போட்டு, மூட்டுக்கு மூட்டு திருகு வைத்த இரும்புக் கையாகப் பார். கடையிலேயே உன் போனை மாட்டி, பாதிச் சாய்வில் நிறுத்திப் பத்து நிமிடம் காத்திரு. அசையாமல் நின்றால் எனக்கும் ஒன்று சேர்த்து வாங்கி வா, காசு தந்துவிடுகிறேன்.