ஏசிஎஸ்ஸா, கோர்டனா, ஐயூபேக்கா? ஒரே ஒரு வெளிநாட்டு கான்ஃபரன்ஸ்தான் போக முடியும்னா

இந்த வாரம் மட்டும் லேப்ல மூணு ஜூனியர் பசங்க கேட்டுட்டாங்க, "அக்கா, பிஹெச்டி முடியறதுக்குள்ள வெளிய ஒரு கான்ஃபரன்ஸ்தான் போக முடியும்போல, எதுக்கு அப்ளை பண்றது?"ன்னு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்குப் பதிலா எழுதியே வச்சிடலாம்னு தோணுச்சு. நான் நேர்ல போனது ரெண்டுதான். 2024 மார்ச்ல நியூ ஆர்லியன்ஸ்ல நடந்த அமெரிக்கன் கெமிக்கல் சொசைட்டியோட (அதான் ஏசிஎஸ்) ஸ்பிரிங் மீட்டிங், அதுக்கு அடுத்த வருஷம் கோடைல அமெரிக்காவுல நியூ ஹாம்ப்ஷயர் ஆண்டோவர்ல நேச்சுரல் ப்ராடக்ட்ஸ், அதாவது இயற்கைப் பொருள் பத்தின கோர்டன் ரிசர்ச் கான்ஃபரன்ஸ். ஐயூபேக், அதாவது சர்வதேச வேதியியல் அமைப்போட காங்கிரஸ் பத்தி சொல்றதெல்லாம் கோலாலம்பூர் போய்ட்டு வந்த எங்க லேப் சீனியர் சொன்னத வச்சுதான். என் ஓட்டு கோர்டனுக்கு, அத மறைக்கப் போறதில்ல, அதனால அதப் பத்திதான் நெறைய எழுதுவேன்.

மொதல்ல ஏசிஎஸ். 1876ல ஆரம்பிச்ச சங்கம், வருஷத்துக்கு ரெண்டு மீட்டிங், ஸ்பிரிங் ஒண்ணு ஃபால் ஒண்ணு, ஒவ்வொண்ணுக்கும் பத்தாயிரம் பேருக்கு மேல வருவாங்க. நியூ ஆர்லியன்ஸ் கன்வென்ஷன் சென்டர் ஒரு மூலைல இருந்து இன்னொரு மூலைக்கு நடந்தாலே ஒரு டாக்ல பாதி போயிடும். ஒரே நேரத்துல எத்தனையோ ஹால்ல செஷன் ஓடும், நீங்க ஆர்கானிக் ஹால்ல உக்காந்திருக்கும்போது உங்களுக்கு வேண்டியவர் மெடிசினல் கெமிஸ்ட்ரி ஹால்ல பேசிட்டிருப்பார். அப்ஸ்ட்ராக்ட், அதாவது ஆய்வுச் சுருக்கம், ஒழுங்கா எழுதினா இடம் கெடைக்கறது பெரிய கஷ்டமில்ல. எக்ஸ்போல எல்லா இன்ஸ்ட்ருமென்ட் கம்பெனியும் இருக்கும், வேலை தேடறவங்களுக்குத் தனி ஏற்பாடு உண்டு. பிஹெச்டிக்கு அப்புறம் போஸ்ட்டாக் வேலை தேடுற கடைசி வருஷம்னா இது சின்ன விஷயமில்ல. ஒண்ணு கவனிங்க, அப்ஸ்ட்ராக்ட் விண்டோ அஞ்சாறு மாசம் முன்னாடியே மூடிடும். உதாரணமா 2026 மார்ச் 22-26 அட்லாண்டா மீட்டிங்க்கு முந்தின வருஷமே போஸ்டர் கதவு மூடிடுச்சு, விட்டவங்களுக்கு அடுத்த ஃபால் மீட்டிங்தான்.

ஐயூபேக் வேர்ல்ட் கெமிஸ்ட்ரி காங்கிரஸ் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ. 2019 பாரிஸ், 2023 ஹேக், 2025 ஜூலைல கோலாலம்பூர், அடுத்தது 2027ல மான்ட்ரியல். கோலாலம்பூர் நம்ம ஊர் ஸ்டூடன்ட்ஸ்க்கு உண்மையிலேயே அதிர்ஷ்டம், அப்ப இந்தியன் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டாம், திருச்சிலருந்து நேரா ஃப்ளைட், நாலு மணி நேரத்துல எறங்கிடலாம். எங்க சீனியரோட மொத்தச் செலவு என் நியூ ஆர்லியன்ஸ் டிக்கெட் காசு அளவுக்குக்கூட வரல. ஆனா மான்ட்ரியல்னு வந்தா அந்த வசதி போச்சு, கனடா விசா, தூரம், எல்லாம் அமெரிக்கா மாதிரியேதான். காங்கிரஸ் பத்தி அவர் சொன்னது, எல்லா கெமிஸ்ட்ரியும் கொஞ்சம் கொஞ்சம் கெடைக்கும், கல்வி, பசுமை வேதியியல், பெயரிடல் கமிட்டி வரைக்கும், நம்ம சின்ன பீல்டுக்குன்னு பாத்தா ஒரு அரை நாள் செஷன். நான் போகாததால இதுக்கு மேல தீர்ப்பு சொல்லல.

இப்ப கோர்டன். 1931ல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் யுனிவர்சிட்டில நீல் கோர்டன்னு ஒரு கெமிஸ்ட்ரி பேராசிரியர் கோடைல ஆரம்பிச்ச கூட்டம், 1947ல நியூ ஹாம்ப்ஷயர் பக்கம் போச்சு, அவர் பேர்லயே இன்னிக்கும் நடக்குது. இப்ப கலிஃபோர்னியா வென்சுரா, இத்தாலி லூக்கா பக்கம், சுவிட்சர்லாந்து லே டியாப்லரேன்னு பல எடத்துல, கெமிஸ்ட்ரி, பயாலஜி, பிசிக்ஸ்னு ஒவ்வொரு சின்னத் தலைப்புக்கும் தனித்தனியா இருக்கு. ஒரு கூட்டத்துக்கு எரநூறு பேர் வந்தாலே அதிகம். அப்ளை பண்ணணும், கூட்டத்த நடத்துற சேர் பாத்து ஓகே சொல்லணும். ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஆரம்பிச்சு வெள்ளி காலைல முடிஞ்சிடும். காலைல ஒம்போதுல இருந்து பன்னண்டரை வரைக்கும் டாக், மத்தியானம் ஃப்ரீ, நாலு மணிக்கு போஸ்டர், ராத்திரி சாப்பிட்டு ஏழரைக்கு மறுபடி டாக். ஒரே ஹால்தான், பேரலல் செஷன் கெடையாது. ஆண்டோவர்ல தங்கறது ஒரு ஸ்கூல் ஹாஸ்டல்ல, ரூம் சின்னது, பாத்ரூம் பொது, நம்ம ஹாஸ்டல்ல இருந்தவங்களுக்கு இது ஒரு விஷயமே இல்ல.

எனக்கு எல்லாத்தையும் தீர்மானிச்சது ஒண்ணே ஒண்ணுதான், சாப்பாட்டு மேஜை. இத கொஞ்சம் விரிவாவே சொல்லணும்.

கோர்டன்ல ரூமும் சாப்பாடும் ஃபீஸ்லயே சேந்துடும், அதனால யாரும் வெளிய ரெஸ்டாரன்ட் தேடி ஓடறதில்ல. மூணு வேளையும் அதே டைனிங் ஹால், அதே நூத்தம்பது சொச்சம் பேர், அஞ்சு நாள். தட்ட எடுத்துட்டு எங்க இடம் காலியோ அங்க உக்கார வேண்டியதுதான். பக்கத்துல உக்காந்திருக்கறவர் நீங்க தீசிஸ்ல பத்து தடவ மேற்கோள் காட்டின ஆளா இருக்கலாம், இல்ல உங்களப்போல மூணாவது வருஷ ஸ்டூடன்ட்டா இருக்கலாம். மொத நாள் எனக்குக் கை நடுங்குச்சு, ரெண்டாவது நாள் காலைல பேன்கேக் எடுத்துட்டு நானே போய் "இங்க உக்காரலாமா"ன்னு கேட்டேன்.

என் வேலை நிலவேம்புக்குச் சொந்தக்காரச் செடி ஒண்ணுல இருந்து டைட்டர்பீன்ங்கிற வகைக் காம்பவுண்ட பிரிக்கறது. வேரத் தூள் பண்ணி மெத்தனால்ல ஊற வச்சு எடுத்ததுல புதுசா ஒரு காம்பவுண்ட் கெடச்சுது, தெரிஞ்ச காம்பவுண்டோட அதே எலும்புக்கூடு, ஹைட்ராக்ஸி (OH) இருக்க வேண்டிய எடத்துல மெத்தாக்ஸி (OCH3). மூலக்கூறு அமைப்பக் காட்டற என்எம்ஆர்ல 3.3 பக்கத்துல மெத்தாக்ஸிக்கான ஒத்தப் பீக் அழகா வந்துச்சு, எடை பாக்கற மாஸ்ல சரியா 14 கூட. புதுக் காம்பவுண்ட், புதுப் பேப்பர்னு எல்லாரும் சந்தோஷமா இருந்தோம். இதே போஸ்டரத்தான் நியூ ஆர்லியன்ஸ்லயும் போட்டேன். ரெண்டு மணி நேரத்துல ஏழெட்டு பேர் வந்தாங்க, படிச்சாங்க, ஸ்ட்ரக்சர் நல்லா இருக்குன்னு சொன்னாங்க, ஒருத்தர் போட்டோ எடுத்துட்டுப் போனாங்க. யாரும் தப்பா எதுவும் சொல்லல.

கோர்டன்ல அதே போஸ்டர் முன்னாடி ஒரு பெரியவர் வந்து நின்னார். பேர் சொல்லமாட்டேன், அங்க பேசினத வெளிய கொண்டுபோகக் கூடாதுங்கிறது விதி, ஆனா டேட்டா என்னோடது, அதனால என் பக்கக் கதையச் சொல்றேன். அவர் போஸ்டர்கிட்ட ஒண்ணும் சொல்லல. அன்னிக்கு ராத்திரி சாப்பாட்டு மேஜைல எதிர்ல வந்து உக்காந்தார், சூப் குடிச்சிட்டே கேட்டார், "எந்த சால்வென்ட்ல எடுத்த?" மெத்தனால்னு சொன்னேன். "எத்தன நாள் ஊற வச்ச, சூடு பண்ணியா?" சொன்னேன். "ஒரு தடவ எத்தனால்ல எடுத்துப் பாரு, அந்த மெத்தாக்ஸி அப்பவும் இருக்கான்னு." அவ்வளவுதான். எனக்கு அந்த எடத்துலயே வயித்தக் கலக்கிடுச்சு. செடி அந்த மெத்தாக்ஸிய செய்யவே இல்ல, நான் ஊத்தின மெத்தனால்தான் ஒட்டிக்கிச்சுன்னா அது இயற்கைப் பொருளே இல்ல, என் ஃப்ளாஸ்க்ல பொறந்தது. அந்த லாக்டோன் பக்கத்துல இருக்கற அல்லைலிக் ஹைட்ராக்ஸி எவ்வளவு சுலபமா மாறும்னு அவர் டிஷ்யூ பேப்பர்ல வரஞ்சே காட்டினார், பக்கத்துல இருந்த ரெண்டு போஸ்ட்டாக் அவங்களுக்கும் இதேமாதிரி நடந்தத சொன்னாங்க, பேச்சு முடியறதுக்குள்ள ஈவினிங் செஷனுக்கு மணி ஆயிடுச்சு.

ஊருக்கு வந்து மொத வேலையா எத்தனால்ல எடுத்தேன். மெத்தாக்ஸி பீக் காணோம், அதே எடத்துல இன்னும் 14 மாஸ் கூடுன பீக், அதாவது எத்தாக்ஸி. அசிட்டோன்ல எடுத்தா ரெண்டுமே இல்ல, ஹைட்ராக்ஸி மட்டும். பேப்பர் சப்மிட் பண்ண ரெடியா இருந்துச்சு. அத நிறுத்திட்டு, சால்வென்ட் எப்படி ஏமாத்துதுங்கிறதையே வேற பேப்பரா எழுதிட்டிருக்கோம்.

இதுக்காக ஏசிஎஸ்ல வந்தவங்களுக்குத் தெரியாதுன்னு சொல்லல. அந்தப் பெரியவரே கூட அங்க வேற ஏதோ ஹால்ல இருந்திருக்கலாம். எனக்கு அவர் கெடைச்சிருக்க மாட்டார், கெடைச்சாலும் ரெண்டு நிமிஷம் நின்னு "நைஸ் வொர்க்"னு சொல்லிட்டுப் போயிருப்பார். போஸ்டர் பாத்ததுக்கும் சூப் குடிக்கறதுக்கும் நடுவுல அவர் யோசிக்க ரெண்டு மணி நேரம் இருந்துச்சு, திரும்ப என்னப் பாப்போம்னு அவருக்கும் தெரியும். தப்ப முகத்துக்கு நேரா சொல்லணும்னா கொஞ்சம் பழக்கம் வேணும்ல, அந்தப் பழக்கம் அஞ்சு நாள் ஒரே மேஜைல சாப்பிட்டாதான் வருது.

இன்னொன்னும் இதோட சேந்ததுதான். கோர்டன்ல ஸ்லைடயோ போஸ்டரயோ போட்டோ எடுக்கக் கூடாது, அங்க கேட்டத எழுதக் கூடாது, பேசினத தொகுத்துப் போடற ப்ரொசீடிங்ஸ் புத்தகமும் கெடையாது. அதனாலதான் ஆளுங்க இன்னும் பப்ளிஷ் ஆகாத, பாதில நிக்கிற, ஏன் தோத்துப்போன ரியாக்ஷனக்கூடத் தைரியமா காட்டறாங்க. ஆனா நம்ம ஊர்ல இதுக்கு ஒரு வெலை இருக்கு. என் ப்ரோக்ரஸ் ரிப்போர்ட்ல இத போட்டப்ப ஆஃபிஸ்ல ப்ரொசீடிங்ஸ் காப்பி எங்க, ஐஎஸ்பிஎன் எங்கன்னு கேட்டு ரெண்டு தடவ திருப்பி அனுப்பிட்டாங்க. பாயின்ட் கணக்குக்காகத்தான் கான்ஃபரன்ஸ்னா ஏசிஎஸ்ஸோ ஐயூபேக்கோதான் சுலபம்.

பணம், விசா பத்தி சுருக்கமா. மத்திய அரசோட ஆராய்ச்சி நிதி அமைப்பு ஏஎன்ஆர்எஃப், அதாவது பழைய எஸ்இஆர்பி, அதுல ட்ராவல் ஸ்கீம் இருக்கு, சிஎஸ்ஐஆர்லயும் இருக்கு, ஆனா மொதல்ல கைக்காசு போட்டுட்டு வந்து பில் வச்சு வாங்கணும், அதனால வீட்ல முன்னாடியே பேசி வச்சுக்கங்க. கோர்டன் ஃபீஸ பாத்தவுடனே பயப்படாதீங்க, தங்கறதும் சாப்பாடும் அதுக்குள்ள. நியூ ஆர்லியன்ஸ்ல நாங்க நாலு பேர் ஒரு ரூம் எடுத்தும், சாப்பாட்டயும் சேத்தா கணக்கு கிட்டத்தட்ட அதேதான் வந்துச்சு. அமெரிக்க விசாவுக்கு ஃபீஸ் 2025ல 185 டாலரா இருந்துச்சு, சென்னைல இன்டர்வ்யூ ஸ்லாட்டுக்கு மாசக்கணக்குல காத்திருக்கணும், நான் ஏசிஎஸ்க்காக எடுத்த பி1 பி2 விசா பத்து வருஷத்துக்கு இருந்ததாலதான் கோர்டன் லெட்டர் வந்த உடனே கெளம்ப முடிஞ்சுது. கோர்டன் அப்ளிகேஷன் பொதுவா கூட்டத்துக்கு நாலு வாரம் முன்னாடி வரைக்கும் தொறந்திருக்கும், அத நம்பி உக்காந்திருந்தா இடமும் போயிடும் விசாவும் கெடைக்காது. கோர்டனுக்கு முந்தின சனி ஞாயிறு ஸ்டூடன்ட்ஸும் போஸ்ட்டாக்ஸும் மட்டும் நடத்துற ஜிஆர்எஸ்ங்கிற சின்னக் கூட்டம் இருந்தா, தனி ஃபீஸ்னாலும் சேந்துக்கங்க, திங்கக்கெழம டைனிங் ஹால் போகும்போது முப்பது நாப்பது தெரிஞ்ச முகம் இருக்கும்.

சைவம் சாப்பிடறவங்களுக்கு ஒரு வார்த்தை. நியூ ஹாம்ப்ஷயர்ல வியாழக்கெழம ராத்திரி லாப்ஸ்டர் சாப்பாடுங்கிறது பழைய பழக்கம். அப்ளை பண்றப்பவே சைவம்னு குறிச்சிட்டீங்கன்னா ஒரு பிரச்சினையும் இல்ல, நான் அஞ்சு நாளும் நல்லாவே சாப்பிட்டேன்.

பயாலஜி பசங்க என்கிட்ட கேக்கறீங்க, எனக்கு நேரடி அனுபவம் இல்ல. கோர்டன்லயே பயாலஜி தலைப்பு ஏராளம். கீஸ்டோன் சிம்போசியா, கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் மீட்டிங் ரெண்டும் இதே மாதிரி ஒரே எடத்துல தங்கிச் சாப்பிடற வகைன்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க. 2016ல இருந்து இந்தியா எம்போங்கிற ஐரோப்பிய உயிரியல் அமைப்புல அசோசியேட் மெம்பர், இந்தியா அலையன்ஸ்ங்கிற ஆராய்ச்சி நிதி அமைப்போட சேந்து எம்போ சிம்போசியம் நம்ம நாட்டுலயே நடக்குது. விசா வேண்டாம், ரயில்லயே போயிடலாம். மொதல்ல அதத்தான் பாப்பேன் நானா இருந்தா.

மெயில்ல "டியர் எமினென்ட் ப்ரொஃபஸர்"னு வர்றத எல்லாம் இந்த லிஸ்ட்லயே சேக்கல. ஒரே ஹோட்டல்ல ஒரே நாள்ல நர்சிங், நானோ, கேன்சர் மூணு "வேர்ல்ட் காங்கிரஸ்" நடத்துறாங்கன்னா அத மூடிடுங்க. 2019ல அமெரிக்க கோர்ட் ஹைதராபாத்ல இருக்கற ஒரு ஜர்னல், கான்ஃபரன்ஸ் கம்பெனிக்கு எதிரா 50 மில்லியன் டாலருக்கு மேல தீர்ப்பு குடுத்துது, அப்பவும் மெயில் வர்றது நிக்கல.

ஜூனியர்ல ஒருத்தி 2026 ஜூலைல ஆன்ட்வெர்ப்ல நடக்கற ஐரோப்பிய கெமிஸ்ட்ரி காங்கிரஸுக்குப் போகணும்னு நிக்கிறா, அவ வேலை கேட்டலிசிஸ், அங்க அவ பீல்டு ஆளுங்க நெறைய வருவாங்கங்கிறா. நான் அந்தப் பக்கம் போனதில்ல, வேண்டாம்னு சொல்லல. லூக்கால அவ தலைப்புல கோர்டன் எந்த வருஷம் வருதுன்னு மட்டும் பாத்துட்டு வரச் சொல்லியிருக்கேன், பெரும்பாலான கோர்டன் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவதான், தப்பினா அவ தீசிஸே முடிஞ்சிடும்.