ஆய்வு முடிவைச் சிறார்களிடம் சொல்வது: துண்டறிக்கையா, காணொளியா, நேர்க்கூட்டமா?

சிறார்களை ஆய்வில் சேர்க்கும்போது பெற்றோரின் சம்மதத்தோடு, 7 வயதைத் தாண்டியவர்களின் இசைவையும் பெற வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் கூறுகின்றன. அவர்கள் தந்த பதில்களிலிருந்து என்ன தெரியவந்தது என்பதைத் திரும்பிச் சென்று சொல்லும் வேலையோ, பெரும்பாலும் நிதி தீர்ந்த பிறகுதான் நினைவுக்கு வருகிறது.

பிரிட்டனில் 2000–02இல் பிறந்த ஏறத்தாழ 19,000 குழந்தைகளைத் தொடர்ந்துவரும் ஆய்வைப் போன்றவற்றில், நாடெங்கும் சிதறியிருப்போரை ஓரிடத்தில் கூட்ட வழியில்லாததால், அஞ்சலில் போகும் துண்டறிக்கையே கைகொடுக்கும். அதன் சிக்கல் மொழியில் இருக்கிறது. ‘குடும்பப் பொருளாதாரப் பின்னணி கற்றல் அடைவைப் பாதிக்கிறது’ என்ற வரியை ‘வீட்டில் பணம் குறைவாக இருப்பதால் நீங்கள் படிப்பில் பின்தங்குகிறீர்கள்’ என்று எளிமையாக்கினால், வாசிக்கும் பிள்ளை கூனிக்குறுகிப் போகும். ‘வீட்டில் புத்தகம் இல்லாதவர்களுக்காகப் பள்ளி நூலகத்தை மாலையிலும் திறந்து வைக்கும்படி கேட்டிருக்கிறோம்’ என்று எழுதினால், தான் சொன்னது எங்கே போய்ச் சேர்ந்தது என்பதாவது அதற்குத் தெரியும்.

காணொளி, வாசிக்கத் தடுமாறுவோருக்கு உதவும். செலவு அதிகம், மறுமொழிக்கும் இடமில்லை.

ஒரே பள்ளியில் நடந்த ஆய்வென்றால் நேர்க்கூட்டமே மேல் என்பேன். ‘நாங்கள் அப்படிச் சொல்லவில்லையே’ என்று ஒரு மாணவி எழுந்து மறுக்க அங்குதான் வாய்ப்பு உண்டு. அறிக்கை அச்சேறுவதற்கு முன்பே கூட்டத்தை நடத்தினால் அந்த மறுப்புக்குப் பயனும் உண்டு. ஆசிரியர் அறையில் இருந்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? இதைவிடப் பெரிய ஆபத்து, அடையாளம் வெளிப்படுவது. ‘விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு மாணவர் கூறியது’ என்று பெயரில்லாமல் வாசித்தாலும், வகுப்பில் விடுதி மாணவர் இருவரே என்றால், எல்லாத் தலைகளும் அந்தப் பக்கம் திரும்பிவிடும். ஆகவே நேர்கூற்றுகளைத் தவிர்த்து, பலரும் பகிர்ந்த கருத்துகளை மட்டுமே அங்கு பேச வேண்டும்.

சிறார்களே ஆய்வாளர்களாகிவிடும் வழியும் இருக்கிறது. இங்கிலாந்தின் பிளாக்காட்டன் ஊரின் தொடக்கப்பள்ளியில் 8 முதல் 10 வயது வரையிலான மாணவர்கள், வண்டுத்தேனீக்கள் நிறத்தையும் இட அமைப்பையும் கொண்டு பூக்களைத் தேர்ந்தெடுக்கும் விதத்தை ஆராய்ந்தார்கள். வண்ணப் பென்சில் படங்களோடு அவர்கள் எழுதிய கட்டுரை 2010இல் ‘பயாலஜி லெட்டர்ஸ்’ இதழில் வெளிவந்தது. அங்கே முடிவைத் தனியே அறிவிக்கும் தேவையே எழவில்லை. ஆனால், மாணவர்களைப் பற்றியே நடக்கும் ஆய்வுக்கு இந்த முறை அவ்வளவு எளிதில் பொருந்தாது.

வீட்டு வன்முறை குறித்த ஆய்வுகளில் என் வரிசை தலைகீழாக மாறும். வீட்டு முகவரிக்கு அனுப்பும் அறிக்கையை முதலில் பிரிப்பவர், அந்தச் சிறுமி யாரைப் பற்றிச் சொன்னாளோ அவராகவே இருக்கலாம். வகுப்பறைக் கூட்டமும் ஆகாது. பயிற்சி பெற்ற ஆலோசகர் தனியே சந்தித்து வாய்மொழியாகச் சொல்வதும், அப்போதே 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைத் தெரிவிப்பதுமே அங்கு தகுந்தது.