வாட்டர்லூவா, ரோஹனா?

போன போயா லீவுக்கு உப்புவெளியில் அக்கா வீட்டு முற்றத்தில் வெள்ளைச் சீலை கட்டிப் படம் போட்டோம். குதிரைப்படை பாயும் படம்தான் வேணும் என்று மருமகன் ஒரே பிடி. கடைசியில் இரண்டு மிஞ்சின: 2003இல் வந்த 'த ரிட்டர்ன் ஒஃப் த கிங்', நெப்போலியன் தோற்ற சண்டையைக் காட்டும், 1970இல் வந்த 'வாட்டர்லூ'. நான் வாட்டர்லூவைப் போட்டேன்.

'த ரிட்டர்ன் ஒஃப் த கிங்' படத்தில் வரும் ரோஹன் நாட்டுக் குதிரை வீரர்களின் பாய்ச்சலைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. விடியல், கொம்பொலி, வரிசையாய் நீட்டிய ஈட்டிகளை வாளால் தட்டிக்கொண்டு போகும் கிழட்டு அரசன். எத்தனை தரம் பார்த்தாலும் புல்லரிக்கும். ஆனால் எதிரிகள் ஈட்டியோடு நிற்க, குதிரைகள் நேரே போய் உள்ளே விழுகின்றன. அங்கேதான் எனக்கு உதைத்தது.

நான் குதிரை ஏறினவன் இல்லை. ஆனால் பிரட்ரிக் கோட்டைக்குள் மான்களைத் துரத்தி விளையாடியிருக்கிறேன். எவ்வளவு வெருண்டு ஓடினாலும் வேலியைக் கண்டதும் கடைசி நொடியில் திரும்பிவிடும். வாட்டர்லூவில் குதிரை அப்படித்தான் நடந்துகொள்கிறது. நெப்போலியனின் தளபதி மார்ஷல் நேயின் குதிரைப்படை, பிரித்தானியக் காலாட்படை சதுரம் சதுரமாய் அணிவகுத்து நிற்கும் இடத்தை நோக்கி வருகிறது. நாலு பக்கமும் துவக்கு முனையில் கத்தி. கமரா வானத்துக்கு ஏறுகிறது. கோணேசர் மலையடிப் பாறைகளில் அலை பிரிவது போலக் குதிரைகள் பிரிந்து, சதுரங்களைச் சுற்றிச் சுற்றி ஓடுகின்றன. உள்ளே போக வழியில்லை. 1815 ஜூன் 18இல் நடந்ததும் இதுதான்: போதிய காலாட்படைத் துணையில்லாமல் நேய் குதிரைகளை அனுப்பினார், சதுரங்கள் உடையவில்லை. ஒரு வசனமும் இல்லாமலே அது விளங்கிவிடுகிறது. இயக்குநர் பொண்டார்ச்சுக் சோவியத் இராணுவத்தினரை ஆயிரக்கணக்கில் இறக்கி உக்ரேனில் எடுத்த படம். கம்ப்யூட்டர் வேலை இல்லாத காலம், தூசுகூட நிஜம்.

சரி, குறையும் உண்டு. முதல் பாதி இழுவை. அத்தான் பிளேன்டீ ஊற்றப் போனவர் திரும்பி வர அரை மணித்தியாலம். ஸ்கொட்லாந்துக் குதிரைப்படை மெதுவசைவில் வரும் காட்சி அழகுதான், ஆனால் பாய்ச்சலின் வேகம் போய்விடுகிறது.

ஸ்பீல்பேர்க்கின் 'வோர் ஹோர்ஸ்' (2011) படத்தில் ஆளில்லாக் குதிரைகள் இயந்திரத் துப்பாக்கிகளைத் தாண்டும் அந்த ஓர் இடத்துக்காகப் பார்க்கலாம். முதல் உலகப் போரில் ஆஸ்திரேலியக் குதிரைப்படை நடத்திய பீர்ஷெபா பாய்ச்சலைக் காட்டும் 'த லைட்ஹோர்ஸ்மென்' படத்தைப் போனில்தான் பார்த்தேன், அந்தச் சின்னத் திரையை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

"குதிரைக்காரர் தோத்துப் போறாங்களே, மாமா" என்றான் மருமகன், ஏமாந்த முகத்தோடு. அடுத்த போயா அவன் முறை. ரோஹன் படம் 3 மணித்தியாலத்துக்கு மேல், இருட்டினதும் தொடங்க வேண்டும்.