ஹாரி மார்கனுக்காகவே வாங்கலாம்: 'மேஷ்' டிவிடி தொகுப்பு

ஹாரி மார்கன் (1915–2011) எப்பேர்ப்பட்ட குணச்சித்திர நடிகர் என்று தெரிய, கொரியப் போர்க்கால அமெரிக்க ராணுவ மருத்துவமனையில் நடக்கும் 'மேஷ்' நகைச்சுவை டிவி தொடரின் 3-வது சீசன் முதல் எபிசோடிலிருந்து தொடங்குங்கள். அதில் அவர் மூளை பிசகிய ஜெனரல் ஸ்டீல். மறு வருடமே, 1975-ல், 4-வது சீசனில் அந்த மருத்துவமனையின் தலைவர் கர்னல் பாட்டராக வருகிறார். அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரே ஆள் என்று நம்பவே முடியாது.

8-வது சீசனில் 'ஓல்ட் சோல்ஜர்ஸ்' எபிசோடுதான் உச்சம். முதல் உலகப் போர்த் தோழர்களில் கடைசியாக மிஞ்சிய பாட்டர், சேர்த்துவைத்த பிராந்தி பாட்டிலைத் திறந்து, இறந்தவர்களைப் பெயர் சொல்லி நினைக்கிறார். குரலை உயர்த்தாமலே நம்மைக் கலங்கடித்துவிடுகிறார். 1980-ல் அமெரிக்க டிவி விருதான எம்மியை வாங்கியதில் ஆச்சரியமே இல்லை.

போட்டதும் ஆடியோ மெனுவுக்குப் போய், சிரிப்பொலி இல்லாத ட்ராக்கைத் தேர்ந்தெடுங்கள். இதற்காகவே டிவிடி வாங்கலாம். பதிவுசெய்த சிரிப்பு அவருடைய நுணுக்கமான இடைவெளிகளை மூடிவிடுகிறது. அறுவைச் சிகிச்சைக் காட்சிகளில் மட்டும் அது முன்பே கிடையாது.

அமெரிக்கப் பதிப்பு ரீஜன் 1, அதாவது வட அமெரிக்க பிளேயர்களுக்கான டிஸ்க். இந்திய பிளேயர்கள் பல அதை ஏற்காது. எந்த நாட்டு டிஸ்க்கையும் ஓட்டும் ரீஜன்-ஃப்ரீ பிளேயர் தேவை. படம் 4:3 அளவு, டிவியில் இழுத்துப் பெரிதாக்காதீர்கள். மார்கன் நடித்த இன்னொரு தொடரான 1967–70 'டிராக்னெட்' இதில் வராது, தனியாகத்தான் வாங்க வேண்டும்.