சானா என்று சொல்லி ஒரு பெட்டியைக் காட்டினார்கள், அரை மாதச் சம்பளம் போச்சு

நேற்று இரவுதான் வீடு திரும்பினோம். கோபம் இன்னும் ஆறவில்லை, அதனால் முன்னுக்குப் பின் எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள். விடுமுறை வீடுகளை வாடகைக்குக் காட்டும் ஒரு இணையதளத்தில் பார்த்து, சானா (நன்றாகச் சூடேற்றிய மர அறையில் உட்கார்ந்து வேர்க்கும் ஃபின்லாந்துக் குளியல்) உள்ள ஏரிக்கரை மரவீடு ஒன்றை மூன்று இரவுக்கு எடுத்தோம். என் சம்பளத்தில் சரிபாதி அதற்குப் போனது. இனி யாரும் அந்த வீட்டுக்காரரிடம் மாட்டக்கூடாது. புக் செய்வதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

ஆறு மாதமாக வீட்டில் யாருக்கும் ஓய்வு இல்லை. கணவருக்கு முதுகுவலி, எனக்குத் தூக்கம் போய்விட்டது, தங்கையும் அவள் கணவரும் அதே நிலை. மூன்று நாள் போனை அணைத்துவிட்டு மரங்களுக்கு நடுவே கிடக்கலாம் என்று பேச்சு வந்தபோது சானா ஆசையைக் கிளப்பியது நான்தான். ஒரு மாதமாக அதைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். ஃபின்லாந்தில் சுமார் 55 லட்சம் மக்களுக்கு 30 லட்சம் சானாக்கள் இருக்கின்றனவாம், அவர்களின் சானா வழக்கத்தை யுனெஸ்கோ 2020-இல் மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அடுப்பின் மேல் குவித்த கற்களை நன்றாகச் சூடேற்றி, அகப்பையால் தண்ணீர் ஊற்றினால் குப்பென்று எழும் ஆவிக்கு அவர்கள் தனியாக ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள், லோய்லு. பத்து பதினைந்து நிமிடம் அந்தச் சூட்டில் உட்கார்ந்துவிட்டு வெளியே ஓடி ஏரியில் குதிப்பது, மறுபடி உள்ளே வருவது. இதற்காகத்தான் போனோம். வெறும் வீடு வேண்டுமென்றால் அரை மாதச் சம்பளம் எதற்கு?

விளம்பரத்தில் 'பாரம்பரிய சானா, 4 பேருக்கு' என்று இருந்தது. இருந்தாலும் விடாமல் வீட்டுக்காரருக்கு எழுதிக் கேட்டேன், விறகா மின்சாரமா, எவ்வளவு சூடு வரும் என்று. பத்தே நிமிடத்தில் அவரே போன் செய்தார். "விறகு அடுப்புதான் அக்கா, எங்க அப்பா கையால கட்டினது. 90 டிகிரி வரும். நீங்க வர்றதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே மூட்டி வச்சிடறேன்." அப்புறம் ஒரு வீடியோ வந்தது. யாரோ ஒரு கை மரவாளியிலிருந்து தண்ணீரை மொண்டு கல்லில் ஊற்றுகிறது, சுர்ரென்று சத்தம், ஆவியில் திரையே மங்கிவிடுகிறது, பின்னால் ஒரு சின்ன சதுர ஜன்னலில் ஏரி. அதை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அந்த சுர்ர் சத்தத்தில்தான் விழுந்தேன், வேறு எதிலும் இல்லை. விறகு அடுப்பு சானா சூடாக ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும் என்று படித்திருந்தேன், அவரும் அதையே சொன்னார், சரி, விஷயம் தெரிந்த மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கு அடுத்த பேச்சுதான், "தளத்துல கட்டினா அவங்க கமிஷன் பிடிப்பாங்க அக்கா, எனக்கே நேரா அனுப்பிட்டீங்கன்னா பத்து சதவீதம் குறைச்சுக்கறேன், நம்ம வீடு மாதிரி நினைச்சுக்கோங்க." கணவர் வேண்டாம் என்றார். நான்தான், எத்தனை தடவை அக்கா என்கிறார் பாருங்கள், ஏமாற்றுகிறவர் இப்படிப் பேசுவாரா என்று கேட்டேன். வாடகையும் டெபாசிட்டும் சேர்த்து அரை மாதச் சம்பளத்தை ஒரே தடவையில் அனுப்பினேன்.

போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். வீடு மோசமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஏரி இருந்தது, மரங்கள் இருந்தன. புகைபோக்கியைத்தான் காணோம். சாவி கொடுக்க வந்த பையனிடம் சானா எங்கே தம்பி என்று கேட்டால், குளியலறைக் கதவைத் திறந்து காட்டினான். துணி துவைக்கும் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே பீரோ மாதிரி ஒரு பெட்டி. கண்ணாடிக் கதவு, உள்ளே ஒரு பலகை, ஒருவர் முழங்காலை ஒட்டி உட்காரலாம். கல் இல்லை, அடுப்பு இல்லை. சுவரில் கறுப்பாக ஹீட்டர் தகடுகள். கதவின் உள்பக்கம் ஓரம் பிய்ந்த ஒரு மஞ்சள் ஸ்டிக்கர்: 'உள்ளே தண்ணீர் ஊற்றாதீர்கள்'.

அது இன்ஃப்ராரெட் பெட்டி. அது கெட்ட பொருள் என்று சொல்லவில்லை, பிடித்தவர்கள் வாங்கி வைத்துக்கொள்ளட்டும். ஆனால் அது வேறு சாமான். காற்றைச் சூடேற்றாமல் கதிராக உடம்பில் நேராகச் சூடு போடும், பெரும்பாலும் 45 முதல் 60 டிகிரிக்குள்தான் இருக்கும், ஆவி கிடையாது. ஃபின்லாந்து சானா என்றால் 80-க்கு மேல். 90 என்று வாயால் சொன்ன மனிதர் இவர்!

சரி, வந்தது வந்தோம் என்று கணவரை முதுகுக்காக உள்ளே உட்கார வைத்து ஸ்விட்சைப் போட்டேன். முள் 41 வரை வந்தது, டப்பென்று வீடு முழுக்க இருட்டு. பிரேக்கரை ஏற்றிவிட்டால் மறுபடி பத்து நிமிடத்தில் டிரிப். துண்டு கட்டிக்கொண்டு அந்தப் பெட்டிக்குள் இருட்டில் அவர் உட்கார்ந்திருந்த கோலத்தை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது, அப்போது வரவில்லை.

போன் செய்தேன். முதல் இரண்டு நாள் சிக்னல் இல்லை, ஊரில் இல்லை, மீட்டிங், இப்படியே. மூன்றாம் நாள் எடுத்தார். அக்கா போய் மேடம் ஆகியிருந்தது. "சானா இருக்குன்னு சொன்னேன், இருக்கு. உள்ள உட்கார்ந்தா வேர்த்துச்சா இல்லையா மேடம்?" விறகு அடுப்பு எங்கே, உங்கள் அப்பா கட்டியது எங்கே என்றால், அது பழைய வீடு, வித்துட்டோம் என்கிறார். வேர்த்துச்சா இல்லையா! அரை மாதச் சம்பளத்துக்கு வேர்க்க வேண்டுமென்றால் மாடிப்படி ஏறி இறங்கினால் போதுமே. இத்தனைக்கும் டெபாசிட்டும் திரும்ப வராதாம், பிரேக்கரை நாங்கள்தான் கெடுத்துவிட்டோமாம், எலக்ட்ரீஷியன் செலவுக்குச் சரியாகப் போய்விட்டதாம்.

அடுத்து தளத்தின் வாடிக்கையாளர் சேவை. நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்க வைத்துவிட்டு, பணம் எங்கள் வழியாக வரவில்லை, அதனால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று ஒரே வரி. அவர் தளத்துக்கு வெளியே பணம் கேட்டதற்கான மெசேஜ் இருக்கிறது, அனுப்பட்டுமா என்றால், அனுப்புங்கள், பரிசீலிப்போம். அனுப்பினேன். தானாக வரும் ஒரு நன்றி மெயில் வந்தது, அவ்வளவுதான். வங்கியில் கேட்டால், நீங்களே விரும்பி அனுப்பிய பணம், யாரும் திருடவில்லையே என்கிறார்கள். அந்தப் பெண் மரியாதையாகத்தான் பேசினாள், ஆனால் அரை மாதச் சம்பளம் மரியாதையால் திரும்பி வராது.

நேற்று ராத்திரி தூக்கம் வராமல் அந்த விளம்பரத்தின் ரிவியூக்களை முதலிலிருந்து படித்தேன். ஏரி அழகு, அமைதி, பறவைச் சத்தம், நல்ல மனிதர். ஒருவர்கூட சூடு, ஆவி, கல், விறகு என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. மூன்று பேர் 'சானா பயன்படுத்த நேரம் கிடைக்கவில்லை' என்று எழுதியிருக்கிறார்கள். கண் முன்னால்தான் இருந்திருக்கிறது. விளம்பரப் படத்தைப் படத்தேடலில் போட்டுப் பார்த்தால் அதே சதுர ஜன்னல், அதே வாளி, வேறு ஒரு வீட்டின் விளம்பரத்தில்.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன், கை ஓடவில்லை, சுருக்கமாகவே சொல்கிறேன். தளத்துக்கு வெளியே ஒரு பைசாகூட அனுப்பாதீர்கள். விறகா, மின்சாரக் கல் அடுப்பா, இன்ஃப்ராரெட்டா என்று கேட்டு, பதிலைத் தளத்தின் மெசேஜிலேயே எழுத்தில் வாங்குங்கள், போனில் சொன்னது காற்றோடு போய்விடும். அனுப்பிய வீடியோவை நம்பாதீர்கள், வீடியோ காலில் சானாவுக்குள் நடந்து காட்டச் சொல்லுங்கள். படங்களைத் தேடிப் பாருங்கள். போய் இறங்கியதும் உங்கள் துணிப்பெட்டியைத் திறப்பதற்கு முன் சானாவைப் படம் எடுத்துத் தளத்துக்குப் புகார் அனுப்புங்கள், என்னைப் போல மூன்று நாள் போன் செய்துகொண்டிருக்காதீர்கள்.

இதைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே அந்த ஆளிடமிருந்து ஒரு மெசேஜ். "தங்கினது பிடிச்சிருந்தா அஞ்சு ஸ்டார் போட்டு விடுங்க அக்கா, அடுத்த தடவை பத்து சதவீதம் குறைச்சுக்கறேன்."