பட்டன் புதுசாக இருக்கிறது என்று நம்பி ஏமாந்தேன்: ஆறு வருஷப் பழைய டயரைத் தலையில் கட்டிவிட்டார்கள்

பைக்கில் பிள்ளைகளைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டுகிறவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. மற்றபடி நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

என்னுடையது 2017 மாடல் பல்சர் 150. ஈரோட்டில் வேலை, பவானியில் வீடு. தினமும் போக வர முப்பது கிலோமீட்டர் ஆகும். போன ஜூன் மாதம் பின் டயர் தேய்ந்துவிட்டது. நேர்ரோட்டிலேயே ஓடின டயர் என்பதால் நடுப்பகுதி பலகை மாதிரி தட்டையாகி, வளைவில் வண்டியைச் சாய்த்தால் ஒரு விளிம்பில் ஏறி இறங்குவது போல இருந்தது. மழைக்கு முன்னால் மாற்றிவிட வேண்டும் என்றுதான் அந்தக் கடைக்குப் போனேன்.

அளவு 100/90-17, டியூப்லெஸ். நல்ல கம்பெனி டயர்தான். கடைக்காரர் வெளியே கொக்கியில் தொங்கின ஒன்றை எடுத்து, ஈரத்துணியால் ஒரு துடை துடைத்து, பாலிஷ் போட்டுக் கொடுத்தார். கன்னங்கரேலென்று மின்னியது. பட்டன், அதாவது ரோட்டில் படுகிற பக்கத்தில் பள்ளங்களுக்கு நடுவே இருக்கிற ரப்பர் மேடுகள், ஆழமாக, விளிம்பெல்லாம் கூராக இருந்தது. "பில்லோட வேணும்னா 2,300ங்கண்ணா. பில் வேண்டாம்னா 2,100க்குப் போட்டுத் தர்றேன்" என்றார். இருநூறு ரூபாய் மிச்சம் என்று நானும் சரி என்றேன். ஒரு துண்டுச் சீட்டில் "டயர் 1 - 2100" என்று எழுதிக் கொடுத்தார். பணத்தை ஜிபேயில் அனுப்பினேன். இன்றைக்கு என் கையில் இருக்கிற உருப்படியான சாட்சி அது ஒன்றுதான்.

ஆகஸ்டில் ஒரு தூறலில், பெருந்துறை ரோடு சிக்னலில் நிறுத்தும்போது பின்சக்கரம் வெள்ளைக்கோட்டின் மேல் லேசாக வழுக்கியது. ரோட்டில் எண்ணெய் இருந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். செப்டம்பர் சர்வீஸில் மெக்கானிக்கிடம் சொன்னேன். அவரும் குனிந்து பார்த்துவிட்டு, "பட்டன் புதுசா இருக்குதுங்களே, டயர்ல ஒண்ணுமில்லீங்க" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பட்டனைப் பார்க்கிற யாரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, அந்த டயருக்கு அடியில்தான் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி இறக்கினேன்.

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால், சாயங்காலம் ஆறரை மணி இருக்கும். பத்தாவது படிக்கிற மகளை டியூஷனிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தேன். அரைமணி நேரம் மழை பெய்து விட்டிருந்தது. வெள்ளைப் பட்டை அடித்த ஒரு வேகத்தடைக்கு முன்னால் பிரேக் மிதித்தேன். முப்பதுக்கு மேல் போகவில்லை. பின்சக்கரம் சுற்றுவது நின்றது, ஆனால் வண்டி நிற்கவில்லை. பின்பக்கம் இடதுபுறமாக அப்படியே விலகிக்கொண்டு போனதை உடம்பில் உணர்ந்தேன். அடுத்த நொடி ரெண்டு பேரும் ரோட்டில் கிடந்தோம். "அப்பா" என்று ஒரே ஒரு தடவைதான் கத்தினாள். பின்னால் வந்த டவுன் பஸ்காரர் தூரத்திலேயே நிறுத்திவிட்டார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, ஆனால் தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

அவளுக்கு இடது மணிக்கட்டில் மயிரிழை விரிசல், மூன்று வாரம் மாவுக்கட்டு. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு.

விஷயம் வெளியே வந்தது சித்தோட்டில் ஒரு பஞ்சர் கடையில். விழுந்ததில் பின்சக்கரத்தில் காற்று இறங்கிக்கொண்டே இருந்தது, ரிம் வளைந்திருக்குமோ என்று காட்டப் போனேன். அறுபது வயதுக்கு மேல் இருக்கும் பெரியவர். சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டு, "தம்பி, அம்புக்குறி பின்னால பார்த்து இருக்குது. டயரைத் திருப்பி மாட்டியிருக்காங்க" என்றார். டயரின் பக்கவாட்டில் சக்கரம் சுற்ற வேண்டிய திசைக்கு ஒரு அம்புக்குறி இருக்கும். அந்தத் திசையில் சுற்றினால்தான் பட்டன் தண்ணீரை ஒழுங்காக வெளியே தள்ளும். எனக்கு நேரெதிராக மாட்டியிருந்தார்கள். அப்புறம் அவர் தன் கட்டைவிரல் நகத்தைப் பட்டனில் வைத்து அழுத்தினார். தடமே விழவில்லை. பக்கத்தில் கழற்றி வைத்திருந்த வேறொரு டயரில் அதே மாதிரி அழுத்திக் காட்டினார். நகம் லேசாக இறங்கி, தடம் விழுந்து, மெதுவாக மறைந்தது. "இது ரப்பர் இல்லை தம்பி, மரம்" என்றார்.

டயரைக் கழற்றினதும் செயினும் சேலை கார்டும் இருக்கிற இடப்பக்கத்தில் நான்கு எண்கள் தெரிந்தன: 2218. 2018ஆம் வருஷம் 22ஆவது வாரம் செய்தது என்று அர்த்தம். அதாவது மே மாதக் கடைசி. நான் வாங்கினது 2024 ஜூன். எனக்குப் புதிதென்று விற்ற நாளிலேயே அந்த டயருக்கு ஆறு வயது முடிந்திருந்தது. அம்புக்குறிப்படி மாட்டியிருந்தால் அந்த எண் சைலன்சர் பக்கம் வந்திருக்கும், வண்டி கழுவும்போதாவது கண்ணில் பட்டிருக்கும். மறைக்கத்தான் திருப்பி மாட்டினார்களா, அவசரத்தில் மாட்டினார்களா, அது அவர்களுக்குத்தான் வெளிச்சம். டார்ச் அடித்துப் பார்த்தால் பட்டன்களுக்கு நடுவே, பள்ளத்தின் அடியில், வறண்ட ஏரி மாதிரி மெல்லிய வெடிப்புகள். பாலிஷ் இதைத்தான் மூடி வைத்திருந்தது.

பெரியவர் எனக்குப் புரியவைத்ததை நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். டயரில் ரெண்டு தனித்தனி வேலை நடக்கிறது. பள்ளத்தின் வேலை தண்ணீருக்கு வழிவிடுவது. ரப்பரின் வேலை ரோட்டில் இருக்கிற பொடிப்பொடி மேடுபள்ளத்துக்குள் அமுங்கிப் பிடித்துக்கொள்வது. பட்டன் தேய்ந்தால் முதல் வேலை கெடும். ரப்பர் இறுகிவிட்டால் ரெண்டாவது வேலை கெடும். முதலாவது கண்ணுக்குத் தெரியும், ரெண்டாவது தெரியாது. ரப்பருக்குள் இருக்கிற எண்ணெய்ப் பசை வருஷக்கணக்கில் வெயிலிலும் சூட்டிலும் போய்விடுகிறது, காற்றில் இருக்கிற ஆக்சிஜனும் ஓசோனும் மீதியைக் கெடுக்கின்றன. ஓடாமல் தொங்கினாலும் இது நடக்கும். நிழலில், சூடில்லாத இடத்தில் வைத்திருந்தால் மெதுவாக நடக்கும். கடை வாசலில் மேற்கு வெயிலில், பக்கத்திலேயே காற்றடிக்கிற மோட்டார் ஓடிக்கொண்டிருக்க, கொக்கியில் தொங்கவிட்டால் என்ன ஆகும்? மின்மோட்டார் ஓடும்போது ஓசோன் உண்டாகிறது, அதனால்தான் அதன் பக்கத்தில் டயரை அடுக்கக் கூடாது என்கிறார்கள். ஒன்றரை வருஷம் ஆன டயரைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம், அது நல்ல டயர்தான். ஐந்து வருஷத்துக்கு மேல் ஆனதை வருஷத்துக்கு ஒருமுறை சோதிக்கச் சொல்லி டயர் கம்பெனிகளே சொல்கின்றன. பத்து வருஷம் ஆகிவிட்டால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் தூக்கிப்போடச் சொல்கின்றன. நம் ஊர் வெயிலுக்கு நான் ஐந்திலேயே மாற்றிவிடுவேன்.

தேய்மானத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதிலும் பலபேர் அசட்டையாக இருக்கிறோம். டயரின் ஓரத்தில் சின்னதாக ஒரு முக்கோணமோ, டி.டபிள்யூ.ஐ. என்ற மூன்று ஆங்கில எழுத்துகளோ இருக்கும். அதிலிருந்து நேராக நடுப்பக்கம் விரலை ஓட்டினால் பள்ளத்துக்குள் ஒரு குட்டி மேடு தட்டுப்படும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் டயர் முடிந்தது. இரு சக்கர வண்டிக்குச் சட்டப்படி பட்டன் ஆழம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, காருக்கு 1.6. ஆனால் 0.8 வரைக்கும் காத்திருக்காதீர்கள். மழையில் அந்த ஆழம் போதாது. நான் இப்போது ஒரு தீக்குச்சியை நடுப்பள்ளத்தில் படுக்கவைத்துப் பார்க்கிறேன். குச்சி ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் கனம் இருக்கும். பள்ளத்தில் முங்காமல் மேலே தெரிந்தால் புது டயருக்குப் பணம் எடுத்து வைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. நடுவில் வைத்துப் பார்ப்பதுதான் முக்கியம், ஓரத்தில் எப்போதும் பட்டன் இருந்துகொண்டேதான் இருக்கும். பக்கவாட்டில் எங்காவது புடைப்பு இருந்தாலோ நூல் தெரிந்தாலோ பட்டனைப் பார்க்கவே தேவையில்லை, அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

காற்றும் ஒரு விஷயம். என் வண்டியின் பின் டயருக்கு, ஒரு ஆள் போனால் 28, ரெண்டு பேர் போனால் 32 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) அடிக்க வேண்டும். பெட்ரோல் பங்கில் பையன்கள் கேட்காமலேயே 40 அடித்துவிடுகிறார்கள். அப்படி அடித்தால் டயர் உப்பி, ரோட்டில் படுகிற இடம் சுருங்கிவிடும், நடுப்பகுதி சீக்கிரம் தேயும். எண்ணைச் சொல்லி, பக்கத்தில் நின்று அடியுங்கள்.

இன்னொரு ஏமாற்றும் நடக்கிறது என்று பெரியவர் சொன்னார். மொட்டையான டயரில் சூட்டுக்கத்தியால் புதுப் பள்ளம் வெட்டி, பாலிஷ் போட்டு, செகண்ட்ஹேண்ட் என்று பாதி விலைக்குத் தருவது. பைக் டயரில் பட்டனுக்கு அடியில் இருக்கிற ரப்பர் மெலிசு. அதையும் தோண்டினால் உள்ளே இருக்கிற நூல்வரை போய்விடும், எப்போது வெடிக்கும் என்று சொல்ல முடியாது. பள்ளத்துக்குள் அந்தக் குட்டி மேடுகள் இல்லையென்றால் கத்தி பட்டிருக்கிறது என்று அர்த்தம். புது டயரில் முடி மாதிரி மெல்லிய ரப்பர் முளைகள் நீட்டிக்கொண்டிருக்கும், வெட்டின பட்டனில் அது இருக்காது.

டயரைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். "நாலு மாசம் ஓட்டிட்டு வந்து பழசுன்னா எப்படிங்க? டயருக்கு எக்ஸ்பயரின்னு எங்கியாச்சும் போட்டிருக்குதுங்களா?" என்றார். 2218ஐக் காட்டினேன். அது கம்பெனியின் மாடல் நம்பர் என்றார். மகளின் எக்ஸ்ரேயைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரி விடுங்கண்ணா, வேற ஒண்ணு ஃப்ரீயா மாட்டித் தர்றேன்" என்று இன்னொரு டயரை இறக்கினார். நான் முதலில் தேடினது நான்கு எண்ணை. 4120. 2020 அக்டோபரில் செய்தது. வேண்டாம் என்று திரும்பிவிட்டேன்.

வேறு கடையில், பில்லோடு, இந்த வருஷம் செய்த டயரை மாட்டினேன். நூறு ரூபாய்தான் கூட ஆனது. மாட்டுவதற்கு முன்பே கடைக்காரரிடம், "எண்ணைக் காட்டுங்க, பில்லுல அதையும் எழுதிக் கொடுங்க" என்று கேட்டேன். அவர் முகம் சுளிக்காமல் எழுதினார். சில டயரில் அந்த எண் தனியாக ஒரு நீள்வட்டத்துக்குள் இருக்கும், சிலதில் டி.ஓ.டி. என்று தொடங்கும் நீளமான வரிசையின் கடைசியில் இருக்கும். எண் ஒரு பக்கம்தான் இருக்கலாம், அதனால் ரெண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். எண் இருக்க வேண்டிய இடம் சுரண்டின மாதிரி இருந்தால் பேசாமல் வெளியே வந்துவிடுங்கள். புது டயர் முதல் நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் வழுக்கும், அதுவரை சாய்த்து ஓட்டாதீர்கள், சட்டென்று பிரேக் அடிக்காதீர்கள்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். பில் இருக்கிறதா என்பதுதான் அவர்கள் கேட்ட முதல் கேள்வி. ஜிபே ரசீது, துண்டுச் சீட்டு, டயர் எண்ணின் படம், எக்ஸ்ரே எல்லாவற்றையும் கொடுத்திருக்கிறேன். கடைக்காரர் வழிக்கு வரவில்லையென்றால் அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். வாங்கின பொருள் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. ரெண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். இந்த மாதிரி அனுபவம் யாருக்காவது இருந்தால் பழைய டயரைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள், அதுதான் ஆதாரம். என்னுடையது மாடிப்படிக்கு அடியில் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறது.

மகளுக்குப் போன வாரம் கட்டுப் பிரித்தாகிவிட்டது. மழைநாளில் மட்டும் பைக் வேண்டாம், பஸ்ஸிலேயே வருகிறேன் என்கிறாள்.

நேற்று அந்தக் கடை வழியாகத்தான் வந்தேன். 4120 டயர் வாசல் கொக்கியில் பாலிஷ் மினுமினுக்க அப்படியே தொங்குகிறது. அளவு 100/90-17. ஈரோட்டுப் பக்கம் யாருக்காவது இந்த வாரம் பின் டயர் மாற்ற வேண்டியிருந்தால், கடைக்காரர் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் அந்த நான்கு எண்ணைக் கேளுங்கள்.