கிரிக்‌ஷீட் தரவை நம்பி ஆய்வேடு: பல பருவம் பயன்படுத்திய பின்

டி20 சேஸிங்கில் ஒவ்வொரு பந்துக்குப் பிறகும் வெற்றி வாய்ப்பு எவ்வளவு என்று கணிக்கும் ஆய்வேட்டுக்கு, காசில்லாமல் கிடைக்கும் தரவுகளில், ஒவ்வொரு பந்தின் பதிவையும் தரும் இணையதளமான கிரிக்‌ஷீட் நன்றாகவே கைகொடுக்கிறது. ஆனால் பந்தின் வேகம், குத்திய இடம், ஃபீல்டர்கள் நின்ற இடம் எதுவும் அதில் கிடையாது. யார்க்கரைப் பற்றித் தலைப்பைப் பதிவு செய்துவிட்டு அப்புறம் தரவைத் தேடினால் ஒரு பருவமே வீண்.

கோப்பு வடிவங்களில் சிஎஸ்வி எளிது என்றாலும் ஜேசானையே எடுங்கள். டிஎல்எஸ் (மழையால் தடைபட்டால் இலக்கை மாற்றும் முறை) முடிவு, சூப்பர் ஓவர், நடுவர் பந்தை எண்ணத் தவறிய ஓவர் என எல்லாம் அதில் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். டிஎல்எஸ் ஆட்டங்களை நீக்கிவிடுவதே நல்லது. இலக்கு நடுவில் மாறினால் "தேவைப்படும் ரன்" என்பதற்கே பொருள் மாறிவிடும்.

முதலில் சறுக்குவது பந்துக் கணக்கில். ஓவர் எண் 0-இல் தொடங்கும். வைடும் நோபாலும் வரிசையில் இடம் பிடிக்கும், ஆனால் இன்னிங்ஸின் 120 முறையான பந்துகளில் சேராது. கடைசி ஓவரில் இரண்டு வைடு, ஐந்து முறையான பந்து போயிருந்தால் மீதி 1. வரிசையை மட்டும் எண்ணினால் -1 வந்து நிற்கும். நோபால் பேட்டர் சந்தித்த பந்தாகும், வைடு ஆகாது. பையும் லெக்பையும் பவுலர் கணக்கில் ஏறாது. இருபது ஆட்டங்களை ஸ்கோர்கார்டோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு பவுலரின் ரன்னும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அரைநாள் வேலைதான், தவறவே விடாதீர்கள்.

ஐபிஎல் எடுத்தால் பெயர்களும் படுத்தும். டெல்லி டேர்டெவில்ஸ் 2019-இல் கேப்பிடல்ஸ் ஆனது, கிங்ஸ் லெவன் பஞ்சாப் 2021-இல் பஞ்சாப் கிங்ஸ் ஆனது. 2008 சீசன் "2007/08" என்று பதிவாகியிருக்கும். ஆட்டத் தேதியிலிருந்து ஆண்டை எடுப்பதே பத்திரம். வீரர்களைப் பெயரால் இணைக்காமல் அடையாள எண்ணால் இணையுங்கள்.

இனி, ஆய்வேட்டையே கவிழ்க்கும் தவறு. ஒரு சேஸிங்கின் 120 பந்துகளுக்கும் விடை ஒன்றுதான்: வெற்றி அல்லது தோல்வி. பந்துகளைக் கலைத்துப் போட்டு 80–20 என்று பிரித்தால், ஒரே ஆட்டத்தின் சுமார் 96 பந்துகள் பயிற்சிக்கும் 24 பந்துகள் சோதனைக்கும் போகும். இலக்கு 173, இன்ன மைதானம் என்பதைப் பார்த்ததும் ரேண்டம் ஃபாரஸ்ட் (பல முடிவு மரங்களைச் சேர்த்துக் கணிக்கும் மாடல்) ஆட்டத்தையே அடையாளம் கண்டுகொள்ளும். அது கணிப்பே இல்லை, மனப்பாடம். துல்லியம் 95 சதவீதத்தைத் தாண்டினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். ஆட்ட எண்ணை வைத்து குரூப் கே-ஃபோல்டில், அதாவது ஒரே ஆட்டத்தின் பந்துகள் எல்லாம் ஒரே பக்கம் இருக்கும்படி, பிரியுங்கள். அதைவிடச் சிறந்தது, 2022 வரை பயிற்சி, அதற்குப் பிந்தைய சீசன்கள் சோதனை.

அப்படிப் பிரித்தால் மதிப்பெண் இறங்கும். அதைக் கண்டு பயந்து பழைய முறைக்குத் திரும்பாதீர்கள், ஆய்வேட்டின் நல்ல பகுதியே அங்கேதான் தொடங்குகிறது. ஐபிஎல்லில் 2023-இல், ஆட்டத்தின் நடுவே ஒரு வீரரை மாற்றிக்கொள்ள விடும் இம்பாக்ட் பிளேயர் விதி வந்தது. 2024-இல் பஞ்சாப் 262 ரன் இலக்கை எட்டிப்பிடித்தது; பழைய சீசன்களில் பயின்ற மாடல் அப்படியொரு வெற்றிகரமான சேஸிங்கைக் கண்டதே இல்லை. கணிப்பு எந்த இலக்குகளில், எந்தப் பக்கம் சாய்கிறது என்று கேலிபரேஷன் வரைபடத்தில் (கணித்த வாய்ப்பையும் உண்மையில் நடந்ததையும் ஒப்பிடும் படம்) காட்டினால் தனி அத்தியாயமே எழுதலாம்.

துல்லியத்தோடு பிரையர் ஸ்கோரும் (கணித்த வாய்ப்புக்கும் முடிவுக்கும் உள்ள வித்தியாச வர்க்கங்களின் சராசரி; குறைந்தால் நல்லது) கொடுங்கள். எப்போதும் 50 சதவீதம் என்று சொல்லும் மாடலுக்கு அது 0.25. தேவையான ரன், மீதிப் பந்து, கைவசமுள்ள விக்கெட் மூன்றை மட்டும் வைத்த லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் என்ற எளிய மாடலை முதலில் ஓட்டுங்கள். அதைத் தாண்டுவது எக்ஸ்ஜிபூஸ்ட் போன்ற சிக்கலான மாடலுக்குக்கூட அவ்வளவு எளிதல்ல. பூட்ஸ்டிராப் (தரவிலிருந்தே திரும்பத் திரும்ப மாதிரி எடுத்து முடிவின் நிச்சயமின்மையை அளப்பது) செய்யும்போது பந்துகளை அல்ல, ஆட்டங்களை எடுங்கள். ஒரு சீசனுக்கு 74 ஆட்டம் என்றால், இரண்டு சீசனில் எத்தனை ஆயிரம் பந்து இருந்தாலும் முடிவுகள் 148-க்குள்தான்.

தளம் தொடர்ந்து புதுப்பிக்கப்படுவதால், இறக்கிய ஜிப் கோப்பை அப்படியே பூட்டி வைத்து, இறக்கிய தேதியை ஆய்வுமுறை அத்தியாயத்தில் எழுதிவிடுங்கள்.